இட்லிக் கொப்பரையில் வெந்த சுருட்டு

கொப்பரை மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த ஆவியில் இட்லி வாசனை இல்லை. புகையிலை வாசனைதான் இருந்தது. நனைந்த புகையிலையோடு கொஞ்சம் பழைய தகரமும் கொஞ்சம் கற்பூரமும் கலந்த வாசனை. கண்ணாடி மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தால், இட்லித் துணியின் மேல் மூன்று சுருட்டுகள் ஊறிய கொத்தவரங்காய் வற்றல் மாதிரி உப்பிக் கிடந்தன.

ஒன்றை எடுத்தேன். தோல் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது நடுவயிற்றில் வெடித்திருந்தது. மூன்றாவது மட்டும் முழுசாக இருந்தது. இருந்து என்ன செய்ய? லேசாக அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அறுபத்து நாலு வயதில், ஒரு ஊர் முழுக்க டெலிபோன் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள், சுருட்டை அவித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். தச்சநல்லூரில் அந்தக் காலை நேரத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு பலகாரம் வெந்திருக்காது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் நிறைய வந்தது. ஏனென்றால் அவை என் வீட்டுக்காரர் விட்டுப்போன சுருட்டுகள். அவற்றில் ஒன்றாவது உருப்படியாக ஒரு மாதத்துக்குள் எனக்குத் தேவைப்பட்டது.

லெட்சுமியின் போன்

அதற்கு இரண்டு நாள் முன்புதான் லெட்சுமி போன் செய்திருந்தாள். லெட்சுமி என் ஓர்ப்படியாள்; என் வீட்டுக்காரருடைய தம்பி முத்தையாவின் மனைவி. கூடங்குளத்தில் மெயின் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறார்கள். தீபாவளி, பொங்கலுக்கு அவள் மட்டும் பேசுவாள். முத்தையா பேசமாட்டான். ஏழெட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அக்கா, சொகமா இருக்கியளா? ஒரு காரியம் கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளு."

"வார ஆடிக் கொடைக்கு இவுகதான் ஆடணும்னு குடும்பத்துல எல்லாரும் சொல்லிட்டாவ. போன மாசம் குறி கேட்டதுலயும் இவுக பேருதான் வந்துது. அத்தான் வச்சிருந்த சுருட்டு டப்பா இருக்குல்லா, அதுல ஒண்ணே ஒண்ணு வேணும்."

"அவன் கேக்கச் சொன்னானா, நீயா கேக்கியா?"

 போனில், அவளுக்குப் பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்தவளுக்கு இது தெரியாதா? முத்தையா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"இவுகதான் கேக்கச் சொல்லுதாவ" என்றாள் லெட்சுமி, குரலைத் தணித்து.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்துச் சாமி சுடலைமாடன். ஆற்றங்கரையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் பீடம் இருக்கிறது. சாமி வந்து ஆடுகிறவரைக் கோமரத்தாடி என்போம். கொடை என்கிற சாமித் திருவிழா அன்று, சாமிக்குப் படைத்த சுருட்டை அவர் வாயில் வைத்துப் பற்றவைப்பார்கள். அவர் புகைத்தால் சாமி புகைத்ததாகக் கணக்கு. முன்பு என் வீட்டுக்காரர்தான் கோமரத்தாடி.

இதில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஆட வருகிறவர் புதுச் சுருட்டில் தொடங்கக் கூடாது. முந்தின கோமரத்தாடி மிச்சம் வைத்த சுருட்டில்தான் தொடங்க வேண்டும். அது ஒழுங்காகப் பற்றி எரிந்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அணைந்துபோனாலோ வாயிலேயே உதிர்ந்துபோனாலோ அவ்வளவுதான். 'இவனைச் சாமிக்குப் பிடிக்கலை' என்று ஒரு பேச்சு கிளம்பும். சாகிறவரை அது அவனை விட்டுப் போகாது.

"தாரேன்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டுத்தான் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்தேன். முதலில் தொட்ட சுருட்டு என் இரண்டு விரலுக்கு நடுவில் சருகாக நொறுங்கியது.

நாக்கில் குடியிருந்த சனி

ஏன் பேச்சு நின்றது என்று கேட்பீர்கள். குற்றம் என்னுடையது. இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை என் பெருமையைத்தானே எழுதிவந்தேன், இதையும் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். சாதுவான மனுஷன். வருஷத்தில் ஒருநாள் கொடைக்கு மட்டும்தான் ஆட்டம். அந்த வருஷம் கொடைக்கு ஒரு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் சுருட்டைத் தொடக் கூடாது, குதித்து ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மனுஷன் சரி சரி என்று தலையாட்டினார். கொடை அன்று பார்த்தால், கோமரத்தாடி இடுப்பில் கட்டுகிற, மணி வைத்த சல்லடத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பீடத்துக்கு முன்னால் போய் நின்று சல்லடத்தின் முடிச்சை அவிழ்த்தேன். மேளம் நின்றுபோனது. முத்தையா ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறையாக மறித்தான்.

"மதினி, இது சாமி காரியம். இதுல நீங்க தலையிடக் கூடாது."

"சாமி ஆடுததுக்கு எம் புருஷன் நெஞ்சுதான் கெடச்சுதோ? உன் நெஞ்சு நல்லாத்தான இருக்கு. நீ ஆடேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி குடியிருந்தால் நிறுத்த விடுமா?

"உனக்கு எங்க வரும்? உன்னயத்தான் சாமிக்கே கண்டா ஆகாதே."

முத்தையாவுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரே ஒரு குறை உண்டு. அண்ணனுக்கு வந்த சாமி தனக்கு வரவில்லை என்பது. கொடைக்குக் கொடை பீடத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பான். உடம்பு நடுங்கக்கூட நடுங்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் வைத்து.

 அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனான். அன்றைக்குப் போன பேச்சுதான். என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தான், அண்ணனைத் தோளில் சுமந்தான், பதினாறாம் நாள் வரை எல்லாக் காரியத்தையும் முன்நின்று செய்தான். என்னிடம் மட்டும் லெட்சுமி வழியாகத்தான் எல்லாம். "மதினி காபி குடிச்சாவளான்னு கேளு" என்று நான் கேட்கும் தூரத்திலிருந்தே அவளிடம் சொல்வான்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் இந்தக் கொடைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன், அங்கே போனதும் வாய் ஒட்டிக்கொள்ளும். இப்போது அவனாக ஒன்று கேட்டிருக்கிறான். நான் நொறுங்குகிற சுருட்டைக் கொடுத்து, அது அவன் வாயில் உதிர்ந்தால் என்ன ஆகும்? அன்றைக்கு வாயால் சொன்னதை இன்றைக்குக் கையால் செய்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்.

டப்பா

அந்தச் சண்டைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஆடவும் இல்லை, சுருட்டைத் தொடவும் இல்லை. யாரும் ஆடாமலேதான் வருஷா வருஷம் கொடை நடந்துவந்தது. டப்பாவை மட்டும் தூக்கிப்போடவில்லை. வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். மேலே பூப்படம் போட்ட பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு, கறுப்பாக, கட்டைவிரல் தடிமனில் எட்டுச் சுருட்டுகள். சாமிக்கு எடுத்தது போக மிஞ்சியவை.

நல்லா இருந்த காலத்திலும் அவர் ஒன்றும் ஊதித்தள்ளுகிற ஆளில்லை. கொடைக்கு ஒன்று. பட்டறையில் ஏதாவது எமகாதக வேலையை முடித்துவிட்டு வந்தால் ஒன்று. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்று ஒன்று பிடித்தாராம். உள்ளே வந்தபோது பிள்ளையைத் தூக்கவிடாமல் கையைக் கழுவ அனுப்பினேன். மூன்று தடவை கழுவியும் வாசனை போகவில்லை. என் மகள் முதன்முதலில் முகர்ந்த அப்பா வாசனை அதுதான்.

பற்றவைக்கும் முன்னால் சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் உருட்டுவார். சலசலவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்பார். ஒரு சத்தமும் இல்லாமல் மெத்தென்று இருந்தால் பக்குவம் என்பார். "என்ன, போனா பேசுதிய?" என்று நான் கேலி செய்வேன். "லைன் கிடைக்கல, கொஞ்சம் இணைப்புக் கொடு" என்பார்.

விட்ட பிறகும் மாதம் ஒருதடவையாவது டப்பாவைத் திறப்பார். மதியச் சாப்பாடு முடிந்து நான் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, பீரோக் கதவு கிறீச்சிடாமல் பைய இழுத்து, மூடியைத் திறந்து ஒருதரம் மூச்சை இழுப்பார். பிறகு மூடி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் தெரியாத மாதிரியே கடைசிவரை இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால், ஒருநாளாவது எழுந்து உட்கார்ந்து, "இங்கன கொண்டாங்க, நானும் மோந்து பாக்கேன்" என்று சொல்லியிருக்கலாம்.

அவர் போன பிறகு நான் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை. திறந்தால் வாசனை தீர்ந்துவிடும் என்று பயம். திறக்காமலேயும் அது காய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் பெட்டி

மகள் சென்னையில் இருக்கிறாள். அவளிடம் சொன்னதும் ஒரு வீடியோ அனுப்பினாள். வெள்ளைக்காரர் ஒருவர் நகைப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சுருட்டுகள் மெத்தையில் படுத்திருந்தன. மூடியில் கடிகாரம் மாதிரி ஒன்று, ஈரத்தை அளக்கிறதாம். பேசுவது எனக்கு அரைகுறையாகத்தான் பிடிபட்டது. காய்ந்துபோன சுருட்டுக்கு ஈரம் வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் பிடிபட்டது.

"அம்மா, அந்தப் பெட்டிய வாங்கி அனுப்பட்டுமா?" என்றாள்.

"ஒரு சுருட்டுக்கு மாளிகை கட்டவா? போடி. ஈரம்தான? எங்கிட்ட இல்லாத ஈரமா?"

வீம்பு பேசிவிட்டு யோசித்தேன். ஈரம் என்றால் ஆவி. ஆவி என்றால் கொப்பரை. மீந்துபோன இட்லி காய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? திரும்ப ஒருதரம் ஆவியில் வைத்து எடுத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. புட்டு, கொழுக்கட்டை எல்லாம் அப்படித்தான். சுருட்டு மட்டும் என்ன ஒசத்தி?

முதலில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் இட்லித் தட்டில் ஒரு குழியை மட்டும் நிரப்பி யார் அவிப்பார்கள்? கை பழகிப்போய்விட்டது. மூன்றை வரிசையாக அடுக்கி, துணியை மடித்து மூடி, பத்து நிமிஷம் விட்டேன். அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

பேச்சி சொன்னது

மிச்சம் நாலுதான். அவற்றை வாழை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே பேச்சி வெற்றிலைக்கடை வைத்திருக்கிறாள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், வாய் மட்டும் எனக்கு அக்கா. ஆனி மாதக் காற்று எல்லாவற்றையும் உலர்த்தி எடுத்துக்கொண்டிருந்தது. அவள் கடையில் மட்டும் வெற்றிலை அப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும். கொஞ்சம் சுருட்டும் புகையிலையும் விற்பாள்.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். இட்லிக் கொப்பரைக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எக்கா, சட்னி அரைச்சியளா?"

"சிரிச்சு முடிச்சியா? இப்ப வழி சொல்லு."

ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே காட்டினாள். நகத்தால் லேசாகத் தட்டினாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இது எத்தன வருசம் காஞ்சுது?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழெட்டு வருசமாக் காஞ்சத பத்து நிமிசத்துல நனைக்கப் பாத்தா வெடிக்காம என்ன செய்யும்? உள்ள இருக்க எல வேற, மேல இருக்க தோலு வேற. தோலு சீக்கிரம் குடிச்சிரும், உள்ள மெதுவாத்தான் குடிக்கும். ரெண்டும் சேந்து குடிக்கணும்."

பிறகு அவள் சொன்ன வைத்தியம் இதுதான். ஒரு செங்கல் துண்டைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எடுத்து, சொட்டு வடியாமல் துணியால் துடைத்து, மூடி உள்ள பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் வைக்க வேண்டும். மறு ஓரத்தில் வாழைச்சருகைப் பரப்பிச் சுருட்டை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும். மூடியை இறுக்காமல் சாத்தினால் போதும். தினம் ஒருதடவை திருப்பிவிட வேண்டும். செங்கல் உலர்ந்தால் மட்டும் திரும்ப நனைக்கலாம்.

"சுருட்டுல தண்ணி படவே கூடாது, கேட்டியளா? காத்துல இருக்க ஈரத்த அதுவா எடுத்துக்கிடும். மூணு வாரமாவது ஆகும். நடுவுல தொட்டு அமுக்கிப் பாக்கக் கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

"பழைய வாசன வருமாடி?"

"பாதி வரும். போன எண்ணெய் போனதுதான். ஆனா எரியும்."

சுருட்டுக்குத் துணையாக ஒரு கட்டு வாழைச்சருகையும் சும்மாவே கொடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரம்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைச்சல். சோறு பொங்கும்போதே பத்துத் தடவை மூடியைத் திறக்கிறவள் நான். செங்கல்லும் சுருட்டும் வைத்த தூக்குச்சட்டியைப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து ஒரே ஒருதடவை திறந்து, நாலையும் பைய உருட்டித் திருப்பிவிட்டு மூடிவிடுவேன். மற்ற நேரமெல்லாம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வெளியில் துணி துவைத்தேன், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

போன மாதம் இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு பெரியவர் கடிதம் எழுதியிருந்தார். நல்ல குடும்பத்துப் பெண் இப்படி வீட்டு ரகசியங்களைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, அடுத்த பகுதியை நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவது உங்கள் உடம்புக்கு நல்லது.

பத்தாம் நாள் ஒன்றின் நுனியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பூசணம். செங்கல்லை நான்தான் அதிகமாக நனைத்திருக்கிறேன், ஆசையில். பேச்சிக்குப் போன் செய்தேன். அதை உடனே எடுத்து எறியுங்கள், சட்டியை வெயிலில் காயவையுங்கள், சருகை மாற்றுங்கள் என்றாள். எறிந்தேன். மிச்சம் மூன்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் வாரம் முடிகிறபோது ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து உருட்டினேன். சலசலப்பு இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி. மூன்றாம் வாரம் உருட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. விரலுக்கு மெத்தென்று கொடுத்தது. தோலில் கொஞ்சம் மினுமினுப்புகூட வந்திருந்தது. அந்த நேரம் சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லையே என்று இருந்தது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

நானே பற்றவைத்தேன்

கையில் மெத்தென்று இருந்தால் போதுமா? எரிய வேண்டாமா? கொடைக்கு நாலு நாள்தான் இருந்தது. முத்தையா வாயில் வைத்துத்தான் சோதனை பார்க்க வேண்டுமா? பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகள் யாரிடமாவது கொடுக்கலாம். கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தச்சநல்லூர் முழுக்கச் செய்தி போய்விடும்.

கொல்லைப்புறக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். துவைகல்லில் உட்கார்ந்தேன். பகல் பதினொரு மணி. அவர் செய்கிற மாதிரியே நுனியைக் கிள்ளி எறிந்தேன், தீக்குச்சியைக் கொஞ்சம் எட்டப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன், மெல்ல இழுத்தேன்.

இருமல் என்றால் இருமல், குடல் வாய்க்கு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் சுருட்டு எரிந்தது. தோல் வெடிக்கவில்லை. சாம்பல் உதிராமல் நகத்தளவுக்கு வெள்ளையாக நின்றது.

அப்புறம்தான் அந்த வாசனை வந்தது. பேச்சி சொன்ன மாதிரி பாதிதான். அந்தப் பாதியே எனக்குத் தாங்கவில்லை. லேத் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்த சட்டை, சைக்கிளைச் சுவரில் சாய்க்கிற சத்தம், "சாப்பாடு ஆச்சா?" என்று வாசலிலிருந்தே கேட்கிற குரல், எல்லாம் அந்தத் துவைகல்லைச் சுற்றி வந்து நின்றன. அவர் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், காபி போட வேண்டியிருந்தது.

சுருட்டு தானாக அணைகிறவரை கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை இழுக்கவில்லை. ஒன்றே போதும் என்று இருந்தது.

மதியக் கொடை

அவன் கேட்டது ஒன்று. நான் கொண்டுபோனது இரண்டு. வாழைச்சருகில் சுற்றிப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கடைசி வரிசையில் பெண்களோடு நின்றுகொண்டேன். முத்தையா சல்லடம் கட்டி, ஈர வேட்டியோடு பீடத்துக்கு முன்னால் நின்றான். தலை பாதி நரைத்துவிட்டது. பின்னாலிருந்து பார்க்க அப்படியே அண்ணன் முதுகு. என் பக்கம் திரும்பவில்லை.

மகுடம் அடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் சாமிக்கு அந்தத் தோல்கருவிதான் உசிர். உச்சிவெயில், தரை கொதிக்கிறது. அவன் கண்ணை மூடி நிற்கிறான். எத்தனை வருஷம் இப்படி நின்றிருப்பான்.  'சுடலை, நான் சொன்னதுக்கு என்னைத் தண்டி, அவனைக் கைவிட்டுராத' என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் கால்விரல் நடுங்கியது. பிறகு முழங்கால். சல்லடத்து மணிகள் ஒவ்வொன்றாகக் குலுங்கி, ஒரே குலுக்கலாகச் சேர்ந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். ஆடினான். அண்ணனைப் போல இல்லை, அவனைப் போலவே ஆடினான். ஆடி நின்றதும் பூசாரி சுருட்டை அவன் வாயில் வைத்துக் கற்பூரச் சுடரைக் காட்டினார்.

ஒரு இழுப்பு. புகை இல்லை.

"பத்தலயே" என்று எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் முதுகில் ஒரு அடி போடலாமா என்று இருந்தது.

இரண்டாவது இழுப்பு. நுனி சிவந்து மங்கியது. மூன்றாவது இழுப்பில் புகை வந்தது. மூக்கு வழியாக, வாய் வழியாக, அவன் முகமே தெரியாத அளவுக்கு வந்தது. தோல் வெடிக்கவில்லை, ஒரு தூள் உதிரவில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மேல் போட்டது. அது என் வீட்டுக்காரர் வாசனை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பெரியவர் ஒருவர், "சாமி ஏத்துக்கிட்டுது" என்றார். நான் பக்கத்துப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு திருநீறு கொடுத்துக்கொண்டே வரிசையாக வந்தான். சாமி வந்தவர் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடமாட்டார். பெற்ற தாயாக இருந்தாலும் "ஏ பிள்ளே" என்றுதான் கூப்பிட வேண்டும். மகன் என்றும் மாமன் என்றும் சாமிக்கு உறவு கிடையாது. அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தான். ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கும் என்றான், ஒருவனை வண்டியை மெதுவாக ஓட்டு என்றான். லெட்சுமியையும் "ஏ பிள்ளே" என்று கூப்பிட்டுத்தான் திருநீறு போட்டான்.

என் முன்னால் வந்து நின்றான். வாயில் சுருட்டு புகைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெற்றியில் கட்டைவிரல் பட்டது. விரலை எடுக்கவில்லை. சுருட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"மதினி, சாப்ட்டியளா?"

மகுடம் ஒரு தட்டுத் தவறியது. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சாமி இப்படிக் கேட்கக் கூடாது. கேட்டதை யாரும் கேட்ட மாதிரியும் காட்டிக்கொள்ளக் கூடாது. ஏழெட்டு வருஷமாக லெட்சுமி வழியாகச் சுற்றிவந்த கேள்வி நேராக வந்து என் முன்னால் நின்றது.

நான் அழுதேன். மூக்கைச் சிந்தி, சத்தம் போட்டு, ஒரு வெட்கமும் இல்லாமல் அழுதேன். அத்தனை நாள் மனப்பாடம் செய்துவைத்திருந்த மன்னிப்பு ஒரு வரிகூட வரவில்லை.

"இன்னும் இல்ல முத்தையா" என்றேன். "நீ ஆடி முடிச்சிட்டு வா, சேந்து சாப்பிடுவோம்."

அவன் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டான். அடுத்து நின்றவளுக்கு "ஏ பிள்ளே" என்று திருநீறு போடப் போய்விட்டான்.

பந்தியில் இலை போட்டபோது லெட்சுமி எனக்குப் பக்கத்தில் ஓர் இலையைக் காலியாக விட்டிருந்தாள். முத்தையா ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து அதில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. சோற்று வாளியோடு வந்தவரிடம் மட்டும் சொன்னான்.

"மொதல்ல மதினிக்கு வையுங்க."